ஓட்ஸ் கஞ்சி நிறத்தில் ஒரு கார்ப்பெட்

ஹாலிஃபாக்ஸ்,
19 ஜனவரி 1986

அன்புள்ள அண்ணன் நெவிலுக்கு,

இங்கே மூவரும் நலம். உன் நலமும், நீ சமைப்பதைச் சாப்பிடுகிற முந்நூறு சிப்பாய்களின் நலமும் அறிய ஆவல். நிஜமாகச் சொன்னால் அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

“எம் பையன் ஜெர்மனியில ராணுவத்துல இருக்கான்” என்று அம்மா தெரு முழுக்கப் பீற்றி வைத்திருக்கிறாள். நேற்றுப் பக்கத்து வீட்டு ஐவி அம்மாள், “உங்கண்ணன் நல்லா சுடுவானாமே?” என்று கேட்டாள். “பிரமாதமா சுடுவான். ஒரு பக்கம் மட்டும் கருகிடும்” என்றேன். நீ சுடுவது ரொட்டி என்று இன்னும் அவளுக்குத் தெரியாது. உன் மானம் என் கையில்.

இனி விஷயம். நம் வீட்டுக்குப் புது கார்ப்பெட் வரப்போகிறது! மாடிப்படிக்கும் மூன்று படுக்கையறைக்கும். ஆரஞ்சும் பழுப்புமாகச் சுழி சுழியாக ஓடுமே, அந்தப் பழசு போகிறது. நீயும் நானும் அதன்மேல் கொட்டாதது எது? தக்காளி சூப், மை, உன் முதல் பீர். எல்லாம் டிசைனோடு டிசைனாகிவிட்டது. அது கார்ப்பெட் இல்லை, நம் கூட்டாளி. என் அறைக்கு நானே நிறம் தேர்ந்தெடுக்கலாம் என்று அப்பாவே சொன்னார். விளக்கை அணைக்காமல் விட்டால் அரை மணி நேரம் பிரசங்கம் செய்கிற அதே அப்பா! ஊதா என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் முடிந்து நீ போனதிலிருந்து இவர்கள் சண்டையே போடுவதில்லை. நேற்றுச் சாப்பிடும்போது அப்பா, “மேவிஸ், சிரமம் இல்லன்னா அந்தக் குழம்பை இந்தப் பக்கம் தள்றியா?” என்றார். அம்மா, “அதுக்கென்ன, தாராளமா எடுத்துக்குங்க” என்றாள். குழம்பு கட்டி கட்டியாக இருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சோறே இறங்கவில்லை. இரண்டு பேருக்கும் ஏதாவது காய்ச்சலோ?

அப்பா இப்போதுதான் எட்டிப்பார்த்து, “படிக்கிறியா?” என்றார். “படியிலதான்பா” என்றேன். மாடிப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பொய் சொல்லவில்லை, பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சுடத் தெரியாத தங்கை,
ஹேசல்


ஓஸ்னாப்ரூக் முகாம்,
6 பிப்ரவரி 1986

அன்புள்ள ஹேசல்,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என நம்புகிறேன். உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இங்கே இடுப்பளவு பனி. முட்டை வண்டி வரவில்லை. பொடி முட்டையைக் கரைத்து ஒரு வாரம் ஒப்பேற்றினோம். சிப்பாய்கள் உயிரோடு இருக்கிறார்கள், பயப்படாதே.

கார்ப்பெட் நல்ல விஷயம். ஊதா வேண்டாம். யாருக்கும் பிடிக்காது. வெளிர் நிறமாக ஏதாவது எடு, அறை பெரிதாகத் தெரியும்.

ஜூனில் பரீட்சை. அதை மட்டும் பார். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

அன்புடன்,
நெவில்


ஹாலிஃபாக்ஸ்,
16 பிப்ரவரி 1986

அன்புள்ள பொடி முட்டை வீரனுக்கு,

வணக்கம். எனக்கு ஜலதோஷம். மற்ற உறுப்புகள் நலம்.

நேற்று மூவருமாகக் கடைத்தெருவுக்குப் போய் அடி வாங்கினோம். பதறாதே. கார்ப்பெட்டுக்கு அடியில் போடுகிற மெத்தை விரிப்பைத்தான் சொல்கிறேன். ஆனால் முதலில் மேலே போடுவதற்கு வருகிறேன்.

கடைக்காரர் மிஸ்டர் பின்ஸ் ஒரு பலகை நிறையத் துண்டு துண்டாக மாதிரிகளை நீட்டினார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டில் பெயர்: ‘மணல்’, ‘கோதுமை’, ‘கூழாங்கல்’, ‘ஓட்ஸ் கஞ்சி’. அண்ணா, அத்தனையும் ஒரே நிறம்! பெற்றவர்களாலேயே அடையாளம் காண முடியாத இரட்டையர்கள் போல. அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது நான் பேனாவை எடுத்து மூன்று சீட்டைத் திருப்பிப் புதுப் பெயர் சூட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “மேடம், உங்க ரசனைக்கு இதுதான் பொருத்தம். இதுக்குப் பேரு... ‘நேத்து வச்ச டீ’” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்ததைப் படித்தார். “இல்லன்னா ‘தாத்தாவோட பல்செட்’.” நான் ஒரு கார்ப்பெட் சுருளுக்குப் பின்னால் போய் விழுந்து விழுந்து சிரித்தேன். வழக்கமாக அம்மா என் காதைத் திருகியிருப்பாள். நேற்று, “போனாப் போகுது விடுங்க, சின்னப் பொண்ணு” என்றாள். காது ஏமாந்துவிட்டது.

இதைவிட அதிசயம் கேள். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் கார்ப்பெட் மில்லில் இருந்தவள். யார் வீட்டுக்குப் போனாலும் படியேறும்போது குதிகாலால் ஓர் அழுத்து அழுத்துவாளே? திரும்பி வரும் வழியில் தீர்ப்புச் சொல்வாளே, “மேல பட்டு, அடியில பட்டினி” என்று? ஐலீன் சித்தி ஒரு வருஷம் பேசாமல் இருந்ததே அந்தத் தீர்ப்பால்தானே? அந்த அம்மா நேற்று, மிஸ்டர் பின்ஸ் காட்டிய தடித்த ரப்பர் விரிப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், இருப்பதிலேயே மெல்லிசான ஒன்றைக் காட்டி, “இது போதும்” என்றாள்.

“மாடிப்படிக்குமா மேடம்?”

“படிக்கும்தான்.”

“அம்மா, அது அப்பளம் மாதிரி இருக்கு” என்றேன்.

“பேசாம இரு ஹேசல்” என்றாள். அப்பா சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீலிங்கில் கார்ப்பெட் விற்பதில்லை.

என் ஊதாவுக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. யோசித்துச் சொல் என்கிறார்கள். உன்னிடம் ஒரு கேள்வி. ‘யாருக்கும் பிடிக்காது’ என்று எழுதியிருந்தாயே, யாருக்கு? அந்த அறையில் இருக்கப்போவது நான் ஒருத்திதானே?

பதில் போடு.
ஹேசல்


ஹாலிஃபாக்ஸ்,
12 மார்ச் 1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ நலமா? மூன்று வாரத்துக்கு மேலாகிவிட்டது. உன் முகாமில் பேனாவும் பனியில் புதைந்துவிட்டதா?

இது விளையாட்டுக் கடிதம் இல்லை. முதல் தடவையாக ஒன்று எழுதிப் பார்க்கிறேன், பொறுத்துக்கொள்.

அப்பா இப்போது உன் அறையில் படுக்கிறார். குறட்டை அதிகமாகிவிட்டதாம். கதவருகே நின்று கேட்டேன், மூச்சுச் சத்தம்கூட இல்லை. அம்மா அலமாரியில் இருக்கிற பீங்கானையெல்லாம் எடுத்துத் துடைத்து இரண்டு வரிசையாக வைக்கிறாள். என்னைப் பார்த்ததும் ஒரே வரிசையாக்குகிறாள். நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. “தயவுசெஞ்சு”, “பரவாயில்ல”, “உங்க இஷ்டம்” என்று ஏதோ அஞ்சல் நிலைய வரிசையில் நிற்பவர்கள் மாதிரி பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. இந்த வீட்டில் என்னவோ நடக்கிறது.

அவர்களிடம் கேட்டால் “படிப்பப் பாரு” என்பார்கள். நீ சொல்வாய். ஐந்து வயதில் கிறிஸ்துமஸ் தாத்தா இல்லை என்று என்னிடம் சொன்னது நீ. நாய் ‘பண்ணைக்குப் போயிருக்கிறது’ என்று எல்லோரும் சொன்னபோது செத்துவிட்டது என்று சொன்னதும் நீ. அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு உலகத்தில் ஒரே ஓர் ஆள் சொல்வதை அப்படியே நம்பலாம் என்று தெரிந்துகொண்டேன்.

ஏதாவது இருக்கிறதா? கீழே இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். ஆமாம். இல்லை. ஒன்றில் கோடு போட்டு அனுப்பு, போதும். ஆமாம் என்றாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உன்னையே நம்பி,
ஹேசல்


ஓஸ்னாப்ரூக்,
27 மார்ச் 1986

அன்புள்ள ஹேசல்,

நலம். உன் ஜலதோஷம் சரியாகியிருக்கும் என நம்புகிறேன்.

இல்லை.

கட்டத்தில் கோடு போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு வயதாகிறது, குறட்டை வரும் போகும். அம்மாவுக்குப் பீங்கானைத் துடைப்பது ஒரு பொழுதுபோக்கு. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம் ஆனவர்கள் கொஞ்சம் மரியாதையாகப் பேசினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? இங்கே நேற்று நாலு மூட்டை உருளைக்கிழங்கு உரித்தோம். உரிக்கிற இயந்திரம் பழுது. ஜெர்மன் உருளைக்கிழங்கு நம்முடையதைவிட மஞ்சள். வேகும்போது உடையாது. அதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

ஓட்ஸ் கஞ்சி நல்ல நிறம். என் பேச்சைக் கேள், அதையே எடு. சாக்லெட் ஒரு பெட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
நெவில்


ஹாலிஃபாக்ஸ்,
6 ஏப்ரல் 1986

என் அருமை உருளைக்கிழங்கு நிபுணருக்கு,

நலம், நலம், பரம நலம்! சாக்லெட் வந்தது. போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில் பதினொரு நிமிஷம்.

உன் ‘இல்லை’யை மடித்து என் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறேன். கணக்கு வகுப்பில் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். நாலு நாளாக நன்றாகத் தூங்குகிறேன். மூளைக்கு வேலையில்லாததால் கெட்டதாகக் கற்பனை செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உனக்கு நன்றிக்கடனாக ஊதாவைத் தியாகம் செய்துவிட்டேன். “ஓட்ஸ் கஞ்சியே போடுங்க, நெவில் சொல்லிட்டான்” என்றேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். கார்ப்பெட் நிறத்துக்காக ஒரு தாய் இவ்வளவு உருகி நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டாம் தேதி ஆள் வந்து போடுகிறார்.

ஏப்ரல் முதல் தேதி அப்பாவுடைய பைஜாமாவின் இரண்டு காலையும் நடுவில் தைத்து வைத்தேன். காலை விட்டார், நின்றார், கட்டிலில் விழுந்தார். கதவைத் திறந்து “முட்டாள்!” என்று கத்தினேன். திட்டுவார் என்று ஓடத் தயாராக நின்றேன். அவர் அப்படியே உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு முட்டாளானது யார் என்றே தெரியவில்லை எனக்கு.

உன் கிழங்கு நீடூழி வாழ்க.
ஹேசல்


ஹாலிஃபாக்ஸ்,
23 ஏப்ரல் 1986

நெவில்,

நேற்று ஸ்டான் என்பவர் வந்து கார்ப்பெட் போட்டார். பள்ளி விடுமுறை. அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மா கடைக்கு. டீ போட்டுக் கொடுக்க நான் இருந்தேன். பழசைச் சுருட்டி எடுத்தார், ஓரமெல்லாம் ஆணிப்பட்டை அடித்தார், முழங்காலால் உதைத்து உதைத்து இழுத்து மாட்டினார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கு வந்ததும் அந்த மெல்லிசு விரிப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

“மேல கஞ்சி நிறம், அடியில காகிதம். வாரத்துக்கு ரெண்டு வீட்டுக்கு இந்த ஜோடியப் போடுறேன், கண்ணு.”

“ஏன், இதுதான் இப்ப நாகரிகமா?”

“நாகரிகம் என்ன, விக்கிற வீட்டுக்கு இப்படித்தான் போடுவாங்க. வந்து பாக்குறவன் கண்ணால பாப்பான், காலால பாக்க மாட்டான். இருக்கப்போற வீடுன்னா மேல மலிவாப் போட்டாலும் அடியில நல்லதாப் போடுவாங்க. இது ரெண்டு வருஷத்துல படியோட மூக்குல, இந்த விளிம்புல, தேஞ்சிடும். அதுக்குள்ள நீங்க எங்கயோ, அவங்க எங்கயோ.”

“இது விக்கிற வீடு இல்லையே.”

அவர் கையில் இருந்த சுத்தியல் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “டீ இன்னொரு கப் கெடைக்குமா கண்ணு? மூணு சர்க்கரை” என்றார். கப்பில் பாதி டீ அப்படியே இருந்தது.

அம்மா வந்ததும் பையைக் கீழே வைக்க விடாமல் கேட்டேன்.

“வீட்ட விக்கிறீங்களா?”

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். புதுக் கார்ப்பெட்டின் மேல். அவளும் அப்பாவும் பிரியப்போகிறார்களாம். யார்மேலும் தப்பில்லையாம். வேண்டிய அளவு யோசித்தாகிவிட்டதாம். சுழி சுழியான கார்ப்பெட் இருந்தால் பார்க்க வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று வீட்டுத் தரகர் சொன்னாராம்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“பரீட்சை முடியட்டும்னு இருந்தோம். நெவில்தான் சொன்னான், அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதீங்கன்னு.”

“நெவிலுக்குத் தெரியுமா?”

“கிறிஸ்துமஸுக்கு மறுநாளே சொல்லிட்டோம். நீ உன் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்த.” பிறகு அவளே சொன்னாள். நான் கேட்கக்கூட இல்லை. “ஊதா வேணாம்னு நாங்க சொன்னா நீ கேக்கமாட்ட. அவன் சொன்னா கேப்பன்னு அப்பாதான் அவனுக்கு எழுதினாரு.”

அவர்கள் பொய் சொன்னார்கள், சரி. அவர்களிடம் நான் கேட்கவில்லை. உன்னிடம் கேட்டேன்.

ஹேசல்


ஓஸ்னாப்ரூக்,
5 மே 1986

அன்புள்ள ஹேசல்,

உன் கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

அந்த ஒரு சொல்லை எழுத நாலு தாளைக் கிழித்தேன் என்றால் நம்புவாயா? முதல் தாளில் ‘ஆமாம்’ என்றுதான் எழுதினேன். அப்பா எனக்கு எழுதிய கடிதத்தைப் படித்திருந்தால் நீயும் வேறு மாதிரி செய்திருக்க மாட்டாய். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. என் நிலைமையை யோசித்துப் பார். ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நீ. நான் இருப்பதோ கடலுக்கு அந்தப் பக்கம். டிசம்பரிலிருந்து இதைச் சுமந்துகொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சமையலறையில் இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். சார்ஜண்ட் கூப்பிட்டு என்னடா ஆச்சு என்றார்.

உன் நல்லதுக்குத்தான் செய்தேன். பரீட்சை நல்லபடியாக முடிந்தால் ஒருநாள் புரிந்துகொள்வாய்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அண்ணன்,
நெவில்


ஓஸ்னாப்ரூக்,
2 ஜூன் 1986

அன்புள்ள ஹேசல்,

நலமா? ஒரு மாதமாகிறது. அஞ்சல் வண்டி வரும்போதெல்லாம் முதலில் போய் நிற்பது நான்தான். பையன்கள் காதலி எழுதவில்லையா என்று கேலி செய்கிறார்கள். தங்கை என்று சொன்னால் இன்னும் சிரிக்கிறார்கள்.

எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. நீ இப்படி இருந்தால் நான் எப்படி வேலை பார்ப்பது? நான் ஒன்றும் கொலை செய்துவிடவில்லையே.

ஜூலை இருபதிலிருந்து இரண்டு வாரம் விடுமுறை. வீடு அதற்குள் கைமாறிவிடும் என்று அப்பா எழுதியிருந்தார். நான் எங்கே வந்து தங்குவது? யாரிடம் கேட்டாலும் மற்றவருக்கு வருத்தமாகும். நீ சொல். என் அறையில் இருந்த சாமான்களுக்கும் ஏதாவது வழி செய்.

பரீட்சைக்கு வாழ்த்துகள்.

நெவில்


ஹாலிஃபாக்ஸ்,
29 ஜூன் 1986

அன்புள்ள நெவிலுக்கு,

நான் நலம். அப்பா, அம்மா நலம். பரீட்சை முடிந்தது. ஓரளவு எழுதியிருக்கிறேன். பென்சில் பெட்டியிலிருந்து உன் சீட்டை எடுத்துவிட்டேன். இடம் அடைத்தது.

வீடு விற்றுவிட்டது. எப்படி விற்றது என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை லீட்ஸிலிருந்து ஒரு ஜோடி பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு ஏறினாள். தரகர், அப்பா, அம்மா எல்லோரும் பின்னால். நான் மேல்படியில் நின்றேன். பாதி தூரம் வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கலர் அழகா இருக்கு. அடியில நல்ல மெத்தையாப் போட்டிருக்கீங்களா? கொழந்தையத் தூக்கிட்டு ஏறி எறங்கணும், அதான் கேக்குறேன்.”

தரகர் பேனாவால் காதைச் சொறிந்தார். அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். அப்பா என்னைப் பார்த்தார். பைஜாமாவைத் தைத்த அன்றைக்குப் பார்த்த மாதிரி. கெஞ்சினார் என்று எழுதியிருந்தாயே, எப்படிக் கெஞ்சியிருப்பார் என்று அப்போது தெரிந்தது. ‘ஆமாம்’ என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது.

“இல்லைங்க” என்றேன். “கடையில இருக்கிறதுலயே மெல்லிசு. விக்கிறதுக்காகப் போட்டது.”

அவள் கணவன் சிரித்தான். “அட, எங்க வீட்டையும் இப்படித்தான் தள்ளிவிட்டோம்! நாங்க போட்டு ஆறு வாரந்தான் ஆச்சு.” அவளும் சிரித்தாள். “குடிவந்ததும் படிக்கு மட்டும் மாத்திக்கலாம்” என்றாள். என் தோளைத் தட்டி, “சொன்னதுக்கு நன்றிம்மா” என்றாள். செவ்வாய்க்கிழமை முடித்துக்கொண்டார்கள். கேட்டாள், சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை, நெவில். யாரும் சாகவில்லை. அன்று சாயங்காலம் அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, “நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல” என்றாள்.

நீ எங்கே தங்குவது என்று கேட்டிருந்தாய். அப்பா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்திருக்கிறார். உனக்காக ஒரு மடக்குக் கட்டில் வாங்கி வைத்திருக்கிறார். அம்மா ஐலீன் சித்தி தெருவில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறாள். அங்கே சோபா உண்டு. உனக்கு எது வசதியோ அங்கே போ. யாரும் வருத்தப்பட மாட்டார்கள். உன் சாமான் மூன்று பெட்டி, பெயர் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

நான் யாரோடு போவது என்று மூன்று வாரம் யோசித்தேன். பரீட்சைத் தாளிலேயே ஓரத்தில் எழுதி எழுதிப் பார்த்தேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. நானே முடிவு செய்து இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னேன். ஒருவர் அழுதார், ஒருவர் எழுந்துபோய் ஜன்னலைத் துடைத்தார்.

உன் இரண்டு கடிதங்களையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். உன் தூக்கம் இருக்கிறது, உன் சார்ஜண்ட் இருக்கிறார், சுட்டுக்கொண்ட கை இருக்கிறது, மூட்டை கட்ட வேண்டிய சாமான் இருக்கிறது. நான் எந்த வீட்டுக்குப் போகிறேன் என்று ஓரிடத்தில்கூட நீ கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹேசல்